வக்கீல் கேஸ் கட்டைத் தர மறுக்கிறார், பார் கவுன்சில் போகலாமா? (கோத்தகிரி)

கட்டபெட்டு மலர்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா பெயரில் கட்டபெட்டு பக்கம் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. இலை மூட்டையை ரோட்டுக்குச் சுமந்து வர காலங்காலமாக ஒரே வழிதான். அந்த வழியில் நாங்கள் நடக்கக் கூடாது என்று பக்கத்துத் தோட்டக்காரர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். நாங்களும் ஒரு வக்கீலை வைத்து ஃபீஸ் கொடுத்தோம், கேட்ட ஒவ்வொரு தடவையும் கொடுத்தோம். "வாய்தா போட்டிருக்கு, நீங்க வர வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்" என்பதுதான் எப்போதும் பதில். மூன்று வாரத்துக்கு முன் வழியில் முள்வேலி போட்டுவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் தீர்ப்பு நகலை நீட்டுகிறார்கள். நம் பக்கம் யாரும் ஆஜராகவில்லை என்று எக்ஸ்பார்ட்டி ஆகி முடிந்திருக்கிறது. வேறு வக்கீலை வைக்கலாம் என்று கட்டைக் கேட்டால், பாக்கி ஃபீஸ் தந்தால்தான் கட்டு, வக்கீலை மாற்ற ஆட்சேபணை இல்லை என்கிற நோ அப்ஜெக்ஷன் கையெழுத்தும் அப்போதுதான் என்கிறார். பாக்கி எதுவும் கிடையாது என்பது அப்பா பக்கம். ஆனால் எந்தப் பணத்துக்கும் அவர் ரசீது தந்ததில்லை.

வக்கீல்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. கொடுத்தால் வழக்கு பாதிக்குமா? அந்தத் தீர்ப்பை அவர்கள் மாற்றித் தருவார்களா? எழுதியதை வைத்து அவர் யார் என்று யாரும் ஊகிக்க வேண்டாம், பெயரைச் சொல்லப் போவதில்லை.

வண்டிச்சோலை வக்கீல்

மலர், குன்னூரில் ப்ராக்டிஸ் பண்ணுகிற ஒரு வக்கீலாகச் சொல்கிறேன், முதலில் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தேதியைப் பாருங்கள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 13ன் கீழ் அதே கோர்ட்டில் மனுப் போட 30 நாள்தான் அவகாசம், அது தீர்ப்பு நாளிலிருந்து ஓடும். வேலி போட்டது மூன்று வாரம் முன்பு என்றால் தீர்ப்பு அதற்கும் முன்பே வந்திருக்கும், ஆகவே 30 நாள் தாண்டியிருந்தாலும் இருக்கலாம். தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி லிமிட்டேஷன் (காலவரம்பு) சட்டம் 5ஆம் பிரிவில் கூடவே இன்னொரு மனு வேண்டும், ஒவ்வொரு நாளும் ஏன் போனது என்று அதில் சொல்ல வேண்டியிருக்கும். வக்கீல் வராமல் போனதற்காக ஒன்றும் அறியாத கட்சிக்காரரை, அதாவது அவரை நம்பி வழக்கைக் கொடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981லேயே ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அது உங்களுக்குக் கைகொடுக்கும்.

கட்டு இல்லாமல் எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். அவரிடம் இருப்பது அவருடைய பிரதி. வழக்குரை, பதிலுரை, தீர்ப்பு எல்லாமே கோர்ட்டில் இருக்கின்றன, நகல் மனுப் போட்டால் சான்றிட்ட நகல் கிடைத்துவிடும். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக இருக்கும் 16 இலக்க சி.என்.ஆர் எண் தெரிந்தால் போதும், ஈகோர்ட்ஸ் ஆப்பில் எந்த வாய்தாவில் என்ன நடந்தது என்று வரிசையாகத் தெரியும். அதை இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் புகாருக்கும் அதுதான் ஆதாரம்.

நோ அப்ஜெக்ஷன் தரவில்லை என்றால் புது வக்கீல் வர முடியாது என்று பாதி ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அது தவறு. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளில் 39ஆவது விதி இதற்கு வழி சொல்கிறது. பழைய வக்கீல் சம்மதம் தராவிட்டால், ஏன் தரவில்லை என்று காரணம் எழுதிக் கோர்ட்டிடமே அனுமதி கேட்கலாம். கோர்ட் அனுமதித்தால் புது வக்காலத்து செல்லும்.

ஃபீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை எந்த வக்கீலுக்கும் கிடையாது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதை முடித்துவைத்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் வக்கீல், ஃபீஸ் வரவில்லை என்று வங்கியின் ஃபைல்களைத் தர மறுத்தார். விற்று எடுத்துக்கொள்ள ஃபைல் ஒன்றும் சரக்கு இல்லை, பாக்கி இருந்தால் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும், ஃபைலை மறுப்பது தொழில்முறைத் தவறுதான் என்றது கோர்ட். பார் கவுன்சில் ஆஃப் இந்தியா அவருக்கு 18 மாதத் தடை போட்டிருந்தது. சட்டம் அதுவரை தெளிவாக இல்லாததால் அதைக் கண்டிப்பு என்ற அளவுக்குக் குறைத்தார்கள், ஆனால் இனிமேல் செய்பவர்கள் இந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சேர்த்தே எழுதினார்கள்.

எல்க்ஹில் சரவணன்

அக்கா சொல்வது சரிதான், ஆனால் பார் கவுன்சில் என்றால் யார்? 1961 வழக்கறிஞர்கள் சட்டப்படி ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர், மூன்று பேருமே வக்கீல்கள். இரண்டு பேர் கவுன்சில் உறுப்பினர்கள், மூன்றாமவர் பத்து வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள இன்னொரு வக்கீல். வெளியாள் ஒருவர்கூட இல்லை. கவுன்சில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதும் வக்கீல்களின் ஓட்டு. ஓட்டுப் போட்டவர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னால் கை எப்படி வரும்? சி.ஏ.க்கள் (பட்டயக் கணக்காளர்கள்) விஷயத்தில் 2022இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், ஒழுங்குக் குழுவின் தலைவர் சி.ஏ. அல்லாதவராக இருக்க வேண்டும் என்கிறது. கணக்குப் பார்ப்பவருக்கு வெளியாள் வேண்டும், வழக்கு நடத்துபவருக்கு வேண்டாம் என்றால் அதில் என்ன நியாயம்?

பேசாமல் ஜட்ஜிடமே சொல்லி அவர் லைசென்ஸை நிறுத்த முடியாதா?

வண்டிச்சோலை வக்கீல்

வெளியாள் விஷயத்தில் எனக்கும் உங்கள் கருத்துதான், தம்பி. குழுவில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரோ பொதுமக்கள் சார்பில் ஒருவரோ இருந்தால் நல்ல வக்கீலுக்கு அதில் பயப்பட எதுவும் இல்லை. இதை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

ஜட்ஜ் மூலமாக லைசென்ஸை நிறுத்தும் வழி மூடப்பட்டிருக்கிறது, மூடியது உச்ச நீதிமன்றமேதான். அவமதிப்புக்குத் தண்டிக்கலாம், ஆனால் அந்த அதிகாரத்தை வைத்து வக்கீலின் உரிமத்தை நிறுத்த முடியாது, அது பார் கவுன்சிலின் வேலை என்று 1998இல் சுப்ரீம் கோர்ட் பார் அசோசியேஷன் வழக்கில் சொன்னார்கள். நம் மாநிலத்திலும் இதே சண்டை நடந்தது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் வக்கீல்களைத் தானே தடை செய்யலாம் என்று 14ஏ முதல் 14டி வரை புது விதிகள் கொண்டுவந்தது, மாநிலம் முழுக்க வக்கீல்கள் போராட்டம் நடத்தினோம். 2019 ஜனவரியில் முத்துகிருஷ்ணன் வழக்கில் அந்த விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஜட்ஜைப் பார்த்துப் பயந்துகொண்டே வாதாடுகிற வக்கீலால் கட்சிக்காரருக்கு என்ன பயன், அதனால் அந்தப் போராட்டம் நியாயமானது என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் தண்டிக்கும் உரிமை எங்களுக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் அதை ஒழுங்காகப் பயன்படுத்தியே ஆக வேண்டும். மலர் மாதிரி ஒருவர் வாசலில் நிற்கும்போது கதவைத் திறக்காவிட்டால் அந்த உரிமை எங்களுக்கு எதற்கு?

நாடுகாணி பெரியவர்

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பந்தலூர், கூடலூர் பக்கம் நிலப் பிரச்சினையில் சிக்கிய ஜனங்களை ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஜென்மிகளின் நில உரிமையை ஒழிக்கும் 1969 ஜென்மம் சட்டம் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் கோர்ட் வாசலை மிதிக்காத குடும்பம் குறைவு. இலங்கையில் இருந்து திரும்பி வந்தவர்கள், பணியர், குறும்பர், சிறு விவசாயி யாராக இருந்தாலும் வக்கீல் சொன்னதுதான் அவர்களுக்குச் சட்டம். அவர் கைவிட்டால் வேறு யாரைக் கேட்பது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

மகளே, ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள். எங்கள் ஆபீசில் ஒருவர் மேல் புகார் வந்தால் 17(பி) சார்ஜ் மெமோ கொடுப்போம், விளக்கம் கேட்போம், விசாரணை அதிகாரி போடுவோம். புகார் கொடுத்தவர் வந்து சாட்சி சொல்வார். தண்டனை வந்தால் இன்கிரிமென்ட் நிற்கும், பதவி போகும். ஆனால் புகார் கொடுத்தவருக்குப் பட்டா கிடைத்துவிடாது, பட்டாவுக்கு அவர் தனியாக அப்பீல் போட்டாக வேண்டும். இதுவும் அதே மாதிரிதான். வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவில் ஒழுங்குக் குழுவுக்கு நாலு வழிதான் கொடுத்திருக்கிறார்கள், புகாரைத் தள்ளுபடி செய்வது, கண்டிப்பது, குறிப்பிட்ட காலம் தொழில் செய்யாமல் நிறுத்துவது, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது. உன் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் அதில் கிடையாது, வழி தோட்டத்துக்குத் திரும்பி வராது. இதைத் தெரியாமல் போகிறவர்கள் முதல் விசாரணையிலேயே மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள், எதிர்த்தரப்பு எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

அப்புறம் தூரம். பார் கவுன்சில் சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. நாடுகாணியிலிருந்து ஒருவர் போக வேண்டும் என்றால் பஸ் பிடித்து ஊட்டி, அங்கிருந்து மேட்டுப்பாளையம், ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ், காலையில் சென்னை. விசாரணை அன்றைக்குத் தள்ளிப்போனால் திரும்பவும் அதே பயணம், ரெண்டு மூணு நாள் கூலி போய்விடும். எதிரில் இருக்கும் வக்கீலுக்கு அந்தப் பட்டணம் பழகிய இடம். கோயம்புத்தூரில் வருஷத்துக்கு நாலு தடவை குழு உட்கார்ந்தால் நீலகிரி, ஈரோடு, திருப்பூர் மூன்று மாவட்டத்துக்கும் பிரயோசனமாக இருக்கும். வீடியோவில் சாட்சி கேட்கவும் இன்றைக்கு வசதி இருக்கிறது. கோர்ட்டுகளே அப்படி நடக்கும்போது இது மட்டும் ஏன் கூடாது?

லவ்டேல் நர்ஸ்

பெரியவர் சொன்னது எங்கள் பக்கத்துக்கும் பொருந்தும். ஆஸ்பத்திரி விஷயத்தில் பலரும் மெடிக்கல் கவுன்சிலையும் நுகர்வோர் கோர்ட்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். டாக்டரின் பதிவை நிறுத்துவது மாநில மெடிக்கல் கவுன்சில். பணமாக இழப்பீடு வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம், 1995 சாந்தா வழக்குக்குப் பிறகு காசு வாங்கிச் செய்கிற சிகிச்சை எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. எங்கே போனாலும் கேஸ் ஷீட் முக்கியம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002 நெறிமுறை விதியிலேயே இருக்கிறது. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், வாயால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது.

எனக்குக் கோபம் வருவது மேல்முறையீட்டில்தான். 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 30ஆம் பிரிவு, மாநிலக் கவுன்சில் முடிவால் பாதிக்கப்பட்ட மருத்துவர் மேலே போகலாம் என்கிறது. நோயாளியைப் பற்றி அந்த வரியில் ஒரு சொல்லும் இல்லை. புகாரே நோயாளி கொடுத்ததுதான், அவருக்கு மட்டும் வழி கிடையாது என்றால் எப்படி?

எல்க்ஹில் சரவணன்

அப்படியானால் வக்கீல் மேலேயும் ஊட்டி நுகர்வோர் ஆணையத்தில் போடலாமே? காசு வாங்கிக்கொண்டு ஆஜராகவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு இல்லாமல் வேறு என்ன?

வண்டிச்சோலை வக்கீல்

முடியாது. 2024 மே மாதம் டி.கே. காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வக்கீல்களை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. கட்சிக்காரரின் கட்டுப்பாட்டில் நடக்கிற தனிப்பட்ட சேவை ஒப்பந்தம் இது என்பது அவர்கள் சொன்ன காரணம். இழப்பீடு வேண்டும் என்றால் சிவில் கோர்ட்டில் கவனக்குறைவுக்கு வழக்குப் போடலாம், அந்த வழி மூடவில்லை. ஆனால் வாய்தாவுக்குக் கோத்தகிரிக்கே போக விடாத ஒருவரை எதிர்த்து இன்னொரு சிவில் வழக்கு நடத்தச் சொல்வது எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்குத் தெரியும். ஆகவே பார் கவுன்சில் வழி ஒழுங்காக வேலை செய்வது முன்பைவிட இப்போது இன்னும் அவசியம், நுகர்வோர் கோர்ட் என்ற மாற்று வழியும் போய்விட்டது இல்லையா.

நம் மாநிலத்து வழக்கு ஒன்று சொல்கிறேன், ரங்கதுரை எதிர் கோபாலன், 1979 சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. காது கேளாத ஒரு முதியவர் புரோநோட்டுகளையும் கோர்ட் கட்டணப் பணத்தையும் வக்கீலிடம் கொடுத்தார். வழக்கைப் போடாமலேயே போட்டாயிற்று என்று வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ்நாடு பார் கவுன்சில் ஆறு வருடத் தடை போட்டது, அதை அகில இந்தியக் கவுன்சில் ஒரு வருடமாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தடையின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஏழைகளுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் வேலையைக் கொடுத்தார், பாதிக்கப்பட்டவருக்குப் பணமும் தரச் சொன்னார். சும்மா வீட்டில் உட்காரவைப்பதை விட இது எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றும். அந்த வழியை ஏன் அடிக்கடி பின்பற்றுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கூடலூர் ஜூனியர்

நான் தொழிலுக்கு வந்து ரொம்ப காலம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். வழக்கில் தோற்றவர்கள், ஏன் வழக்கின் எதிர்த்தரப்பினர்கூட, வக்கீல் மேல் புகார் எழுதுகிறார்கள். புகார் நிலுவையில் இருக்கிறது என்ற பேச்சே போதும், சின்ன ஊரில் ஜூனியரின் பிழைப்பு போய்விடும். தவறான சட்ட ஆலோசனை கொடுத்தது மட்டும் தொழில்முறைத் தவறு ஆகாது என்று 1984 கண்டேகர் வழக்கிலேயே சொல்லியிருக்கிறார்கள். இந்த விசாரணை கிட்டத்தட்டக் குற்ற வழக்கு மாதிரி, குற்றச்சாட்டு குறிப்பாக இருக்க வேண்டும், சந்தேகத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது.

மலர் அக்கா சொல்வது அப்படிப்பட்டது இல்லை, அதைப் புரிந்துகொள்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், புகாரில் ஏமாற்றினார், துரோகம் செய்தார் என்று எழுதாதீர்கள். எந்தத் தேதி வாய்தா, அன்று யாரும் ஆஜராகவில்லை என்று ஈகோர்ட்ஸில் இருப்பது, எந்தத் தேதியில் கட்டைக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, இவ்வளவு போதும். கட்டைக் கேட்டு ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். கோர்ட்டுக்கு வராமல் போனதற்கு அவர் ஏதாவது காரணம் சொல்லக்கூடும், கட்டைத் தராததற்குச் சொல்ல எதுவும் இல்லை.

கட்டபெட்டு மலர்

எல்லோருக்கும் நன்றி. புது வக்கீல் மூலம் எக்ஸ்பார்ட்டி ரத்து மனு, தாமத மன்னிப்பு மனு இரண்டும் போட்டாயிற்று, கோர்ட் அனுமதியோடு வக்காலத்தும் மாறிவிட்டது. கடிதமும் அனுப்பிவிட்டேன்.

இப்போது வேறு பிரச்சினை. அவருடைய உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, புகார் எழுதுவதாகக் கேள்விப்பட்டோம், கட்டைத் தந்துவிடுகிறோம், கொஞ்சம் பணமும் தருகிறோம், ஒரே ஊர்க்காரர்கள், விட்டுவிடுங்கள் என்கிறார். அப்பா வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். நாளைக்குக் கல்யாணம், சாவு என்று முகத்தில் முழிக்க வேண்டியவர்கள் என்பது அவர் கவலை. எனக்கோ இன்னொரு வீட்டுக்கும் இதே மாதிரி நடக்கும் என்று தோன்றுகிறது.

நாடுகாணி பெரியவர்

கட்டு உன்னுடையது, கொடுத்தால் வாங்கிக்கொள். அதற்குப் பதிலாக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னால் கையெழுத்துப் போடாதே, பெற்றுக்கொண்டேன் என்பதைத் தவிர ஒரு வரியும் வேண்டாம். அப்பாவின் கவலையையும் குறை சொல்ல முடியாது, மலையில் வாழ்கிறவர்களுக்கு அக்கம்பக்கம்தான் பலம்.

வண்டிச்சோலை வக்கீல்

ஐயா சொன்னதோடு ஒரு விதியையும் சேர்க்கிறேன். புகார் ஒருமுறை உள்ளே போய்விட்டால், வாபஸ் வாங்கினார்கள், சமாதானம் ஆகிவிட்டது, புகார்தாரர் தொடர விரும்பவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கைவிடக் கூடாது என்று பார் கவுன்சில் விதிகளில் இருக்கிறது. தவறு உங்கள் இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் கடன் இல்லை, பொதுமக்கள் இந்தத் தொழில் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை சம்பந்தப்பட்டது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் புகார் கொடுப்பதற்கு முன்பே அப்பாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். கொடுத்த பிறகு பாதியில் நிறுத்துவது உங்கள் கையில் இருக்காது. பணத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதாக ஒப்புக்கொண்டு பிறகு புகார் கொடுத்தால் உங்கள் பேச்சுக்கும் மதிப்புக் குறையும். கொடுத்த ஃபீஸைத் திரும்பத் தருகிறார் என்றால் அப்படியே எழுதி வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கட்டபெட்டு மலர்

பேசினேன். கட்டை மட்டும் வாங்கிக்கொள்வது, புகாரும் கொடுப்பது என்று அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, என் ஆங்கிலமும் சட்டத்துக்குப் போதாது. தமிழில் கொடுக்கலாமா? எவ்வளவு நாள் ஆகும்?

வண்டிச்சோலை வக்கீல்

தாராளமாகத் தமிழில் கொடுக்கலாம், மாநில ஆட்சி மொழியில் புகார் தர விதியிலேயே இடம் இருக்கிறது. விஷயம் டெல்லியில் இருக்கும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்குப் போகும்போது மொழிபெயர்ப்பது மாநிலக் கவுன்சிலின் பொறுப்பு. மனு வடிவில் எழுதி, கடைசியில் வழக்குரையில் போடுவது மாதிரி, மேலே சொன்னவை எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று உறுதிமொழி எழுதி அப்பா கையெழுத்துப் போட வேண்டும், கட்சிக்காரர் அவர்தான். கட்டணம் எவ்வளவு, எத்தனை பிரதி என்று கவுன்சில் ஆபீசுக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞர்கள் சட்டம் 36பி பிரிவுப்படி புகார் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மாநிலக் கவுன்சில் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அது தானாகவே பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்குப் போய்விடும். இந்த ஒரு வருடக் கணக்கை மதித்து நடக்கச் சொல்லி 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. டெல்லி உங்களுக்கு இன்னும் தூரம், அதனால் ஆறு மாதம் ஆகியும் நோட்டீஸ் வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள், நினைவூட்டல் கடிதம் போடுங்கள். முடிவு திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் மேல்முறையீடு, அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். இதில் புகார்தாரருக்கும் உரிமை உண்டு, டாக்டர் விஷயத்தில் நர்ஸ் அக்கா சொன்ன குறை இங்கே இல்லை.

வழித்தட வழக்குக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால், பெண்களுக்கும் பழங்குடி, பட்டியல் இனத்தவர்களுக்கும் வருமானம் பார்க்காமலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். அப்பா பெயரில் வழக்கு இருப்பதால் வருமான வரம்பு பார்ப்பார்கள், ஊட்டியில் கேட்டுப் பாருங்கள்.

கட்டபெட்டு மலர்

சரி அக்கா. திங்கட்கிழமை நகல் மனுவுக்கு முத்திரை ஒட்டப் போகிறேன், அப்படியே புகாரின் வரைவையும் டைப் செய்து கொண்டுவருகிறேன். குன்னூர் கோர்ட்டில் மதியம் இருப்பீர்களா?

வண்டிச்சோலை வக்கீல்

இரண்டு மணிக்கு மேல் இருப்பேன். ஃபீஸ் கொடுத்த நாட்களை அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், பேங்க் பாஸ்புக்கில் அந்தத் தேதிகளில் பணம் எடுத்திருந்தால் அதன் நகலும்.